பிஸ்கட் டின்னும் நேவல் பேஸும் – கடிதம்

வணக்கம் ஐயா,

சிங்கப்பூரில், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளமான நேவல் பேஸில் வேலை பார்த்த என் அப்பா போன வருடம் காலமானார். அவர் விட்டுப்போனதில் ஓர் ஆல்பமும், பிஸ்கட் டின் நிறையப் படங்களும் இருக்கின்றன. அண்ணன், "ஸ்கேன் பண்ணிட்டுத் தூக்கிப் போட்டுடலாம்" என்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தைப் போட்டேன். குவார்ட்டர்ஸ் முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் படம். பெரியப்பா 66 தீபாவளி என்கிறார். அத்தை 69 பொங்கல் என்கிறார். அம்மா மட்டும், "அது பண்டிகையே இல்ல, மலையாளத்து அக்கா ஊருக்குப் போறப்ப எடுத்தது" என்கிறார். யாரை நம்புவது?

தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் செம்பவாங் என்று தேடினேன். கப்பல், கப்பல்துறை, வெள்ளைக்கார அதிகாரிகள் எல்லாம் வருகிறார்கள், எங்களைப் போன்றவர்கள் கண்ணில் படவில்லை. இன்னொரு பக்கம், பழைய சிங்கப்பூர்ப் படங்களைப் பகிர்கிறவர்கள் எல்லாரும் "கம்பத்து (கிராமத்து) வாழ்க்கை மாதிரி வருமா" என்கிறார்கள். அம்மா அதைக் கேட்டால் சிரிக்கிறார். இப்படிப் படங்களையும் நினைவுகளையும் சேர்ப்பது, வயதானவர்களுக்கு ஆறுதல் என்பதைத் தாண்டி எதற்காவது உதவுமா?

க., ஈசூன்

அன்புள்ள க.,

அம்மாவை நம்புங்கள்.

பெரியப்பாவும் அத்தையும் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். நல்ல சேலை கட்டிய பெண்கள் வரிசையாக நின்றால் தீபாவளி அல்லது பொங்கல் என்று யாரும் சொல்லிவிடலாம், எனக்கே அப்படித்தான் தோன்றியிருக்கும். அம்மா சொல்வது படத்தில் இல்லாத ஒன்று. அந்த வரிசையில் ஒருத்தி ஊருக்குக் கிளம்புகிறாள் என்பது சேலையிலும் தெரியாது, முகத்திலும் தெரியாது. பார்த்து ஊகிக்க முடியாத ஒன்றை ஒருவர் தயங்காமல் சொன்னால் நான் அவர் பக்கம் சாய்வேன்.

அதற்காக அத்தையை ஒதுக்கிவிடாதீர்கள். பிரிட்டிஷ் படைகள் விலகுவதை லண்டன் 1968 ஜனவரியில் அறிவித்தது. அந்த வருடக் கடைசியிலேயே கப்பல்துறை, செம்பவாங் ஷிப்யார்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 1971 முடிவதற்குள் படைகள் பெரும்பாலும் கிளம்பிவிட்டன. தளத்தை நம்பியிருந்த குடும்பங்களில், குடியுரிமை இல்லாத பலர் இந்தக் காலத்தில்தான் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் திரும்பினார்கள். மலையாளத்து அக்கா ஊருக்குப் போனது 69 ஆக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அத்தைக்கு வருடம் நினைவிருக்கிறது, அம்மாவுக்குக் காரணம் நினைவிருக்கிறது. அடுத்த முறை இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, நீங்கள் பேசாமல் இருங்கள். சண்டை போடட்டும். பேட்டி கண்டால் கிடைக்காததெல்லாம் அந்தச் சண்டையில் வரும்.

காப்பகத்தில் உங்களைப் போன்றவர்கள் ஏன் இல்லை என்பதற்கு வருகிறேன். கேமரா யார் கையில் இருந்தது என்று பார்த்தால் போதும். சிங்கப்பூரில் எடுத்து இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படங்கள் 1844ஐச் சேர்ந்தவை. சீனாவுக்குப் போகும் வழியில் இங்கே இறங்கிய ஜூல் இத்தியே என்ற பிரெஞ்சு சுங்க அதிகாரி எடுத்தவை. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862இல் வந்து ஸ்டுடியோ போட்டார். 1867இல் ஜெர்மனியிலிருந்து வந்த லம்பர்ட் தொடங்கிய ஜி.ஆர். லம்பர்ட் நிறுவனம்தான் பழைய சிங்கப்பூர் என்று இன்று நாம் பார்க்கும் காட்சிகளில் பலவற்றை எடுத்தது. கப்பலில் வந்து போகிறவர்கள் நினைவுப் பொருளாக வாங்கிப் போகும் சரக்கு அது. நதி, படகுத்துறை, மாளிகைகள், தென்னை மரம், அவற்றோடு "உள்ளூர் மனிதர்கள்". அந்த மனிதர்களில் நம்மவர்களும் உண்டு. மாட்டுவண்டிக்காரர், நாவிதர், மூக்குத்தி போட்ட பெண் என்று நிற்பார்கள். கீழே பெயர் இருக்காது. தொழிலோ இனமோ எழுதியிருக்கும், பல அட்டைகளில் இந்தியர்களைக் குறிக்கும் "கிளிங்" என்ற வசைச்சொல்லே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து ஈரத் தகட்டில் (ரசாயனம் பூசி ஈரமாகவே பயன்படுத்தும் கண்ணாடித் தகட்டில்) படம் பதியப் பல விநாடிகள் ஆகும். நின்றவர்கள் படத்தில் விழுவார்கள், நடந்தவர்கள் புகையாகிப் போவார்கள். பழைய தெருப் படங்கள் சில அவ்வளவு அமைதியாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அதைப் பார்த்துவிட்டு "கூட்டமே இல்லாத அழகான ஊர்" என்று கீழே எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். மூட்டை தூக்கியவனும் வண்டி இழுத்தவனும் நிற்க நேரமில்லாததால் படத்தில் இல்லை.

நேவல் பேஸ் கதையும் இதுதான். 1938 பிப்ரவரி 14ஆம் தேதி ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான உலர் கப்பல்துறையைத் திறந்தபோது, உலகிலேயே பெரியது அதுதான் என்று பெருமைப்பட்டார்கள். படம் பிடித்தவர்கள் கப்பல்துறையைப் பார்த்து நின்றார்கள், குவார்ட்டர்ஸ் அவர்களுக்கு முதுகுப் பக்கம். தளத்துச் சாலைகளுக்கு கான்பரா, ஒட்டாவா, வெலிங்டன் என்று தங்கள் காமன்வெல்த் ஊர்களின் பெயரை வைத்தார்கள். 2019இல் திறந்த எம்ஆர்டி ரயில் நிலையமும் கான்பராதான். அந்தக் கான்பரா சாலையை ஒட்டி, ஒரு மரத்தடியில் தளத் தொழிலாளர்கள் கும்பிட ஆரம்பித்த முருகன், இப்போது உங்கள் ஈசூனில் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலாக இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு அங்கே போயிருப்பீர்கள். அங்கே வரும் முதியவர்களில் பழைய நேவல் பேஸ்காரர்கள் இருப்பார்கள். உங்கள் படத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய இடம் அது.

சரி, நம்மவர்கள் தாங்களே எடுத்துக்கொண்ட படங்கள்? அவை பெரும்பாலும் ஊருக்கு அனுப்ப எடுத்தவை. ஸ்டுடியோவிலேயே கோட்டும் டையும் கிடைக்கும், சில இடங்களில் கைக்கடிகாரமும். ஒரு கையை நாற்காலியின் முதுகில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்த இளைஞர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார் என்பதை ஊரில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகத்தானே எடுத்தார்! பெண்களில் பலருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 1948இல் அடையாள அட்டை வந்தபோதுதான் முதல் முறையாகக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். 1966இல் மறுபதிவு நடந்தபோது இரண்டாவது முறை. என் பாட்டிக்கு இருப்பதே அட்டைக்கு எடுத்த படம்தான், அதைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டிருக்கிறோம். சர்க்கார் யாரையோ அடையாளம் காண்பதற்குக் கேட்ட படம் எங்கள் வீட்டுச் சாமி படமாகிவிட்டது.

ஆக, வந்தவர்கள் எடுத்ததில் நமக்குப் பெயர் இல்லை, நாம் எடுத்துக்கொண்டதில் வேலை இல்லை. இரண்டிலும் விட்டுப்போனதைச் சொல்ல ஆட்கள்தான் வேண்டும். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் செய்து தங்கியும் இருந்த கிட்டங்கிகளை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டியார்கள் வரிசையாகச் சப்பணமிட்டு, முன்னால் சின்ன மேசைப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் படங்கள் இருக்கின்றன. படத்தைப் பார்த்தால் எல்லாரும் முதலாளி மாதிரி இருப்பார்கள். மேலாள் யார், அடுத்தாள் யார், பெட்டியடிப் பையன் யார், பின்கட்டில் சமைத்தது யார், மூன்று வருடக் கணக்கு முடிந்து எப்போது ஊருக்குப் போவார்கள், இரவில் எங்கே படுத்தார்கள் என்பதெல்லாம் அங்கே இருந்தவர்கள் சொன்னால்தான் உண்டு. 1970களில் அந்த வட்டாரத்தை இடித்துக் கட்டியபோது கிட்டங்கிகளும் போய்விட்டன. நல்ல வேளையாக 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பதிவு தொடங்கியது. அதே காப்பகத் தளத்தில், நீங்கள் பார்த்த படங்களுக்குப் பக்கத்திலேயே அந்த ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன. தமிழிலேயே பேசியவையும் உண்டு. படத்தில் கிடைக்காத ஆட்களை அங்கே தேடுங்கள்.

நினைவு எல்லா நேரமும் சரியாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. தெலுக் ஆயர் ஸ்திரீட் நாகூர் தர்கா வாசலில் அலை வந்து அடிக்கும் என்று, தானே கண்டதைப் போலச் சொன்ன பெரியவர்கள் உண்டு. அங்கே கடல் இருந்தது உண்மை. 1828இல் கட்டத் தொடங்கியபோது தர்கா கரையோரம்தான். ஆனால் அந்தக் கடலைத் தூர்த்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அவர்கள் சொன்னது தாத்தாவிடம் கேட்டது, நாளடைவில் சொந்தக் கண்ணால் பார்த்ததாக மாறியிருக்கிறது. இந்த இடத்தில் படமும் பழைய வரைபடமும்தான் நினைவைத் திருத்த வேண்டும்.

கம்பத்து வாழ்க்கை மாதிரி வருமா என்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் தூக்கியது யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 1961 மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீ தீ விபத்தில் ஒரே நாளில் பதினாறாயிரம் பேர் வீடிழந்ததும் கம்பத்து வாழ்க்கைதான். வாளிக் கக்கூஸ் முழுதாக ஒழிந்தது 1987இல். அம்மாவின் சிரிப்புக்கு இவ்வளவு காரணம் இருக்கிறது. அப்புறம், அந்தச் சிரிப்பையும் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள், எதற்குச் சிரித்தார் என்பதோடு சேர்த்து.

கேட்கும்போது "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். "கஷ்டம்தான், ஆனா சந்தோஷமா இருந்தோம்" என்று வந்துவிடும். எல்லா வீட்டிலும் அதே வாக்கியம்தான். படத்தின் ஓரத்தில் விரலை வைத்துக் கேளுங்கள். இந்தக் குழாயில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பார்கள்? பின்னால் தொங்கும் சட்டை யாருடையது? பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்கும் இந்தப் பெண் யார்? கேமரா யாருடையது, அவ்வளவு பேரைக் கூப்பிட்டு நிறுத்தியது யார்? மலையாளத்து அக்கா நடுவில் நிற்கிறாரா என்று முதலில் பாருங்கள். வழியனுப்பும் படத்தில் போகிறவரை நடுவில்தான் நிறுத்துவார்கள்.

அண்ணன் விஷயம். ஸ்கேன் செய்வது நல்லது, தூக்கிப் போடுவது வேண்டாம். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், துப்பு பெரும்பாலும் அங்கேதான். ஸ்டுடியோ முத்திரையில் "சிங்கப்பூர் 8", "சிங்கப்பூர் 27" என்று வட்டார எண் மட்டும் இருந்தால் 1950க்குப் பிறகு, 1979க்கு முன். நாலு இலக்கம் இருந்தால் 1979 முதல் 1995 வரை. ஆறு இலக்கம் அதற்கும் பின்னால். படத்தில் கூரைமேல் டிவி ஏரியல் தெரிந்தால் 1963க்கு முந்தையது அல்ல. மேலே போகும் மின்கம்பியைத் தொட்டு ஓடும் டிராலி பேருந்து தெரிந்தால் 1962க்குப் பிந்தையது அல்ல. ஆல்பம் பசை தடவிய பக்கங்களும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள வகை என்றால், படங்களைப் பிய்த்து எடுக்காமல் பக்கத்தோடு படம் பிடியுங்கள். அந்தப் பசைதான் பல குடும்ப ஆல்பங்களைத் தின்றிருக்கிறது. சட்டகத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தையும் இழுக்காதீர்கள். எழுதுவதாக இருந்தால் பின்பக்கம் மெல்ல, பென்சிலால் மட்டும். டின்னை ஈரமில்லாத இடத்தில் வையுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை சீக்கிரம் வந்துவிடும்.

காப்பகம் தனியார் கொடுக்கும் படங்களையும் ஏற்றுக்கொள்ளும். பெயரும் இடமும் அம்மா சொன்ன குறிப்பும் சேர்ந்து போனால், அடுத்து செம்பவாங் என்று தேடும் யாருக்காவது குவார்ட்டர்ஸ் பெண்களும் வருவார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். வெறும் படமாக மட்டும் கொடுத்தால், "பெண்கள், குவார்ட்டர்ஸ், தேதி தெரியவில்லை" என்று இன்னொரு லம்பர்ட் அட்டையாகிவிடும்.

இன்னும் ஒன்று. அப்பாவின் ஊர் எது என்று நீங்கள் எழுதவில்லை. தஞ்சாவூர்ப் பக்கமோ, கடையநல்லூரோ, திருப்பத்தூரோ, எதுவானாலும் 'ரஜூலா' கப்பல் ஓடிய காலத்தில் இங்கிருந்து அனுப்பிய படங்கள் அங்கே சொந்தக்காரர் வீட்டுச் சுவரிலோ டிரங்குப் பெட்டியிலோ இருக்க வாய்ப்பு அதிகம். சிங்கப்பூர்த் தமிழர்களின் நல்ல படங்கள் பல அந்த ஊர்களில்தான் இருக்கும் என்பது என் எண்ணம். யாரையாவது கூப்பிட்டு, சட்டகத்தைக் கழற்றிப் பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்றால் இந்த வாரமே கூப்பிடுங்கள்.