வாலைப் பிடித்தால் சொல் பிடிபடும்

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கில வகுப்பில் நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ் என்று எட்டு வகை. தமிழ் வகுப்பில் பெயர், வினை, இடை, உரி என்று நான்கு. “அட்ஜெக்டிவ்தான் உரிச்சொல்லா அம்மா?” என்று கேட்டாள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தேர்வில் ‘அழகான’ என்பதை உரிச்சொல் என்று எழுதி மதிப்பெண் போனது. விளக்கத்தைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஒரு வாக்கியத்தைக் காட்டிக் கேட்டால் விழிக்கிறாள். டியூஷன் வைக்கலாமா?
— ஒரு தாய், பெரம்பூர்

பதில்: டியூஷன் வேண்டாம். உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. நீங்கள் சொன்ன பதில்தான் கொஞ்சம் சறுக்கிவிட்டது. அதில் உங்கள் தவறும் பெரிதாக இல்லை, சில கையேடுகளே அட்ஜெக்டிவுக்குப் பெயர் உரிச்சொல் என்றுதான் போட்டிருக்கின்றன.

முதலில் அவள் ஏன் விழிக்கிறாள் என்று பார்ப்போம். “ஆள், இடம், விலங்கு, பொருள் ஆகியவற்றின் பெயர் நவுன்” என்று மனப்பாடம் செய்த குழந்தையிடம் ‘மகிழ்ச்சி’ என்ன வகை என்று கேளுங்கள். அது ஆளும் இல்லை, விலங்கும் இல்லை. “செயலைக் குறிப்பது வினை” என்று படித்த குழந்தைக்கு ‘இருக்கிறது’ என்பதில் என்ன செயல் தெரியும்? சும்மா இருப்பதுதானே அது! பொருளை வைத்துச் சொல்லை வகைப்படுத்தப் போனால் இப்படித்தான் முட்டிக்கொள்ளும். பெரியவர்களான நமக்கே முட்டும்.

இதற்குத் தொல்காப்பியத்திலேயே வழி இருக்கிறது. வினைச்சொல் வேற்றுமை உருபை (பெயருக்குப் பின்னால் ஒட்டும் ஐ, கு, இல் போன்றவற்றை) ஏற்காது, காலம் காட்டும் என்கிறது அது. நான் வகுப்பில் இதை ‘வால் சோதனை’ என்று சொல்வேன். ஒரு சொல்லுக்குப் பின்னால் ‘ஐ’ என்ற வாலை ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டினால் பெயர். மரத்தை, பாட்டியை, திங்கட்கிழமையை, மகிழ்ச்சியை, ஓட்டத்தை. ஓட்டம் ஒரு செயல்தானே என்று அவள் குழம்ப வேண்டியதில்லை, வால் ஒட்டியது, முடிந்தது. ஒட்டவில்லை என்றால் நேற்று, இன்று, நாளை சொல்லிப் பார்க்க வேண்டும். இருந்தது, இருக்கிறது, இருக்கும். மூன்றும் வந்தால் வினை. வீட்டில் பேசும்போது ‘மரத்த’, ‘பாட்டிய’ என்றுதான் சொல்வோம். பரவாயில்லை, அந்த ஒலியிலேயே செய்யட்டும். எழுதும்போது ‘ஐ’ வந்துவிடும்.

இன்னொன்று. தனிச் சொல்லைக் கொடுத்து “இது என்ன வகை?” என்று கேட்கவே கேட்காதீர்கள். ‘படி’ என்ன வகை? ‘ஆடு’, ‘முடி’, ‘விளக்கு’, ‘கல்’? வாக்கியத்துக்குள் போகும்வரை யாராலும் சொல்ல முடியாது. பயிற்சித் தாள்களில் இப்படித் தனிச் சொற்களை வரிசையாக அடுக்கிக் கோடிடச் சொல்வதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். மாறாக, ‘ஆடு ஆடியது’, ‘முடியை முடிந்தாள்’ மாதிரி வாக்கியங்களை அவளையே கட்டச் சொல்லுங்கள். எந்த ‘ஆடு’வுக்கு எந்த வால் என்று தானாகப் பிரிப்பாள். சிரித்துக்கொண்டே பிரிப்பாள்.

பெரம்பூரில் இருக்கிறீர்கள், எப்போதாவது 29சி பஸ்ஸில் ஏறாமலா இருப்பீர்கள். சென்னைப் பஸ் வாசகங்களைவிட நல்ல பயிற்சித் தாள் எனக்குத் தெரிந்து இல்லை. “படியில் பயணம் நொடியில் மரணம்” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை வினை இருக்கிறது என்று அவளிடம் கேளுங்கள். பயணம், மரணம் இரண்டையும் வினை என்பாள். வால் ஒட்டச் சொல்லுங்கள். பயணத்தை, மரணத்தை. படியில், நொடியில் இரண்டிலும் ஏற்கெனவே ‘இல்’ என்ற வால் தொங்குகிறது. நான்கும் பெயர்! வினையே இல்லாமல் ஒரு முழு எச்சரிக்கை. அடுத்து “கைகளை வெளியே நீட்டாதீர்கள்” என்பதைக் கொடுங்கள். இதில் ‘நீட்டு’ என்ற வினை இருக்கிறது: நீட்டினான், நீட்டுகிறான், நீட்டுவான். ‘ஏறும் வழி’யில் வருகிற ‘ஏறும்’ என்ன என்று அவள் கேட்டால் “வினையில் பிறந்து பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது” என்று மட்டும் சொல்லுங்கள். பெயரெச்சம் என்ற சொல்லை இப்போது இறக்க வேண்டாம்.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். இரண்டு மொழியின் பட்டியல்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கோடு போட்டு இணைக்கும் வேலையை நிறுத்திவிடுங்கள். தமிழில் வால்தான் சொல்லின் வேலையைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் சொல் நிற்கும் இடமே சொல்லிவிடுகிறது. ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்பதை ‘பூனையை நாய் துரத்தியது’ என்று மாற்றினாலும் ஓடுவது பூனைதான். ஆங்கிலத்தில் ‘டாக்’, ‘கேட்’ இரண்டையும் இடம் மாற்றினால் பூனை துரத்த, நாய் ஓடும். அதேபோல ‘மை புக்’ என்றால் நவுன், ‘புக் எ டிக்கெட்’ என்றால் வெர்ப். சொல் ஒன்றுதான், நிற்கும் இடம் வேறு. அதனால் ஆங்கிலத்துக்குச் சோதனையும் வேறு: முன்னால் ‘மை’ அல்லது ‘தி’ போட முடிந்தால் நவுன், ‘எஸ்டர்டே’ போட்டதும் உருவம் மாறினால் வெர்ப். ‘இஸ்’ எப்படி வெர்ப் ஆகும் என்று கேட்கும் குழந்தைக்கு, நேற்று என்றதும் அது ‘வாஸ்’ ஆவதைக் காட்டினால் போதும். ‘கட்’, ‘புட்’ மாதிரி சில மாறாமல் அடம்பிடிக்கும், அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் பேச்சில் ‘புக் பண்ணு’, ‘கட் பண்ணு’ என்கிறோமே, அது ஏன் தெரியுமா? ஆங்கில வெர்பில் காலம் காட்டும் நம் வால் நேராக ஒட்டாது. வாலைத் தாங்க ஒரு ‘பண்ணு’ தேவைப்படுகிறது. பண்ணினேன், பண்ணுகிறேன், பண்ணுவேன். திட்டாமல் இதையும் அவளிடம் காட்டலாம்.

இப்போது உங்களை மாட்டிவிட்ட அட்ஜெக்டிவ். தமிழில் அந்த வேலையைச் செய்யும் சொல்லை இன்றைய இலக்கணத்தில் பெயரடை என்கிறார்கள். அழகு, அழகான, அழகாக என்று மூன்று சீட்டு எழுதுங்கள். அழகை என்று ‘ஐ’ ஏற்பதால் ‘அழகு’ பெயர். ‘அழகான’ ஒரு பெயருக்கு முன்னால் நிற்கும்: அழகான கோலம். ‘அழகாக’ வினைக்கு முன்னால் வரும்: அழகாகப் பாடினாள். பிறகு வேகம், வேகமான, வேகமாக. ‘ஆன’ என்றால் பெயரைத் தேடும், ‘ஆக’ என்றால் வினையைத் தேடும். இதைப் பிடித்துவிட்டால் ஆங்கில அட்ஜெக்டிவ், அட்வெர்ப் வித்தியாசத்துக்கும் பாதி வழி வந்தாயிற்று. நல்ல, பெரிய, சின்ன மாதிரிச் சொற்களில் ‘ஆன’ இருக்காது, ஆனால் அவையும் பெயருக்கு முன்னால்தான் நிற்கும்.

உரிச்சொல் வேறு. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்ற ஆறும் ‘மிகுதி’யைச் சொல்லும் பழைய செய்யுள் சொற்கள். ‘சாலச் சிறந்தது’ என்று மேடைப் பேச்சில் கேட்டிருப்பீர்கள். நான்காம் வகுப்புக்கு இந்த ஆறையும் எழுதி ஒட்டிவைத்தால் போதும். இதில் மட்டும் மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை.

இடைச்சொல்லைத் தனியாகக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம். இத்தனை நாளாக அவள் ஒட்டிப் பார்த்த வால்கள்தான் இடைச்சொற்கள்: ஐ, கு, இல், ஓடு. ‘உம்’, ‘ஏ’, ‘ஓ’வும் அந்தக் கூட்டம்தான். ஆங்கில ப்ரிபொசிஷன் செய்வதில் பெரும்பகுதியை நம் வால்கள் செய்துவிடுகின்றன. ‘டு ஸ்கூல்’ என்பது ‘ஸ்கூலுக்கு’. அவர்களுக்கு முன்னால் நிற்பது நமக்குப் பின்னால் ஒட்டுகிறது.

நாளுக்குப் பத்து நிமிடம், ஒரே ஒரு வாக்கியம், அதற்கு மேல் போகாதீர்கள். முதல் மாதம் பெயரும் வினையும் மட்டும். பெயருக்கு ஒரு நிறம், வினைக்கு ஒரு நிறம் என்று கோடிடச் செய்வது ஆரம்பத்தில் உதவும். மூன்று வாரத்தில் அதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சொல்லைப் பார்க்காமல் நிறத்தைப் பார்ப்பாள். தேர்வில் பள்ளிப் புத்தகம் வைத்திருக்கும் பெயரையே எழுதட்டும். அட்ஜெக்டிவுக்கு அவர்கள் தமிழில் என்ன பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்தச் சோதனையிலும் சிக்காத சொற்கள் சில வரும். ‘இல்லை’யும் ‘வேண்டும்’மும் நேற்று, இன்று, நாளை மூன்றுக்கும் மசியாது. அவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து, மாதம் ஒருமுறை தமிழ் ஆசிரியரிடம் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.