யாங்கீஸ் வெளியேறினால் பாஸ்டனில் ஏன் டோனட்?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு என் முதல் வருஷம் ஞாபகம் வந்துவிட்டது. பாஸ்டனுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். 2023 செப்டம்பர் 25, திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குள் நுழைந்தால் பேன்ட்ரி மேசையில் இரண்டு பெட்டி டோனட், எல்லார் முகத்திலும் சிரிப்பு. "நம்ம ஊர் டீம் ஜெயிச்சிடுச்சா?" என்று கேட்டதற்கு, "இல்லை, யாங்கீஸ் அவுட்" என்றிருக்கிறார் உங்கள் மேனேஜர். யாங்கீஸ் என்றால் நியூயார்க் பேஸ்பால் அணி. அப்புறம் பார்த்தால் பாஸ்டன் அணியான நம் ரெட் சாக்ஸ் பட்டியலில் கடைசி. "தான் கடைசியில் கிடக்கும்போது அடுத்தவன் விழுந்ததற்கு இனிப்பு வாங்குவது என்ன குணம் அக்கா? நானும் கூடச் சேர்ந்து சிரிக்கணுமா? என் பக்கத்து சீட்டுக்காரர் நியூயார்க் ஆள், அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் 2001-ல் திருச்சியிலிருந்து வந்து பாஸ்டன் பக்கத்திலுள்ள வால்தமில் குடியேறியவள். இந்த ஊர்க்காரர்களோடு இருபத்திரண்டு செப்டம்பர் கழித்துவிட்டேன். இந்தச் சிரிப்புக்குள் பகை இருக்கிறது என்று நானும் முதலில் நினைத்தேன். அதன் அடியில் இருப்பது காத்திருப்பு. அது புரிய எனக்கு மூன்று வருஷம் ஆனது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஓர் அணி மார்ச் கடைசி தொடங்கி செப்டம்பர் முடிய 162 ஆட்டம் ஆடும். கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். முப்பது அணிகள், இரண்டு லீக், ஒவ்வொரு லீக்கிலும் மூன்று பிரிவு. 2022 முதல் ஒரு லீக்குக்கு ஆறு அணிகள் பட்டத்துக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃப் போகின்றன: பிரிவில் முதலிடம் வந்த மூன்று, மிச்ச அணிகளில் அதிகம் ஜெயித்த மூன்று. இந்தப் பின்னால் சொன்ன மூன்று இடத்துக்குத்தான் வைல்ட் கார்டு என்று பெயர். ரெட் சாக்ஸும் யாங்கீஸும் ஒரே பிரிவு. நம்ம ஐபிஎல்லில் பதினான்கு ஆட்டத்தில் லீக் முடிந்துவிடும், ஒரு அணி வெளியேறுவது ஒரு வாரத்துச் சமாச்சாரம். இங்கே அது ஆகஸ்ட்டில் ஆரம்பித்து, ஒவ்வொரு நாளாக, திரி கருகுவதுபோல நடக்கும். காலையில் எழுந்ததும் பட்டியலைப் பார்ப்பார்கள். நேற்று மூன்றரை ஆட்டம் பின்னால், இன்று நாலரை.

இதற்கென்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். 163-லிருந்து முன்னால் இருக்கும் அணியின் வெற்றிகளைக் கழிக்கணும், பின்னால் இருக்கும் அணியின் தோல்விகளையும் கழிக்கணும். உதாரணத்துக்கு முன்னவருக்கு 85 வெற்றி, பின்னவருக்கு 75 தோல்வி என்றால் மிச்சம் 3. இவர் தோற்றாலும் ஒன்று குறையும், அவர் ஜெயித்தாலும் ஒன்று குறையும். பூஜ்யம் வந்தால் பின்னவர் கதை முடிந்தது.

இந்த வருஷம் அந்த எண் யாங்கீஸுக்குக் குறைந்த விதத்தில் பாஸ்டனுக்கும் பங்கு உண்டு. ஆகஸ்ட்டில் யாங்கீஸ் தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றது. 1982-க்குப் பிறகு அவர்களுக்கு அப்படி ஒரு சரிவு வந்ததே இல்லை. அந்த ஒன்பதில் மூன்று, நியூயார்க்கில் அவர்கள் மைதானத்திலேயே ரெட் சாக்ஸ் அடித்தது. செப்டம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை அரிசோனாவிடம் தோற்றதோடு எல்லாம் முடிந்தது. 2016-க்குப் பிறகு அவர்கள் பிளேஆஃப் போகாத முதல் வருஷம் இது. அதனால்தான் டோனட்.

இனி காரணத்துக்கு வருகிறேன். பேப் ரூத் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர். 1919 கடைசியில் அப்போதைய முதலாளி அவரை ஒரு லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றுவிட்டார். அதுவரை யாங்கீஸ் பட்டத்துக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. அதற்கப்புறம் 2000 வரை இருபத்தாறு ஜெயித்தார்கள். 1918-ல் ஜெயித்த ரெட் சாக்ஸ் அந்தக் காலம் முழுக்க ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அப்போதெல்லாம் நியூயார்க் மைதானத்தில் பாஸ்டன் ஆட்டக்காரர் வந்து நின்றால் கூட்டம் மொத்தமும் "நைன்டீன் எய்ட்டீன்" என்று ராகம் போட்டுக் கத்தும். வசை எதுவும் வேண்டாம், அந்த வருஷத்தைச் சொன்னாலே போதும்.

எனக்கு இதையெல்லாம் சொல்லித்தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வராந்தாவில் ஒரு மர நாற்காலி, அதன் கைப்பிடியில் ஒரு சின்ன ரேடியோ. டிவி இருந்தாலும் அவருக்கு ரேடியோதான். 1983 முதல் பல வருஷம் ரெட் சாக்ஸுக்கு வர்ணனை சொல்லிவந்த ஜோ காஸ்டிக்லியோனின் குரல் கோடைகாலம் முழுக்க எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக வரும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் என் பெண்ணுக்குச் சோறு ஊட்டினேன்.

1978-ஐப் பற்றி அவர் சொன்ன விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஜூலையில் யாங்கீஸைவிட ரெட் சாக்ஸ் பதினான்கு ஆட்டம் முன்னால். அக்டோபருக்குள் அத்தனையும் கரைந்து, இரண்டும் 99 வெற்றியில் சமமாக நின்றன. பிரிவு யாருக்கு என்று தீர்மானிக்க அக்டோபர் 2, ரெட் சாக்ஸ் மைதானமான ஃபென்வே பார்க்கில் ஒரே ஒரு ஆட்டம். திங்கட்கிழமை மத்தியானம். ஏழாவது இன்னிங்ஸில் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) யாங்கீஸின் பக்கி டென்ட், அந்த வருஷம் முழுக்க அதுவரை நாலே நாலு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தவர், பந்தை இடது பக்கப் பச்சைச் சுவருக்கு மேலே தூக்கிவிட்டார். மூன்று ரன். முடிவு 5-4, யாங்கீஸுக்கு வெற்றி. பெரியவர் அன்று கடிதம் போட்டுக்கொண்டே போனாராம். ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலிருந்தும் ரேடியோ சத்தம், தெரு முழுக்க ஒரே ஆட்டம். பந்து சுவரைத் தாண்டியதும் தெரு அப்படியே வாயடைத்துப்போனது என்றார். மிச்சக் கடிதங்களைப் போட்டு முடித்தபோது இருட்டிவிட்டதாம்.

2003-ல் நானே பார்த்தேன். பிளேஆஃபில் யாங்கீஸோடு ஏழு ஆட்டத் தொடர், ஏழாவது ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ், யாங்கீஸின் ஏரன் பூன் அடித்த ஒரே அடியில் எல்லாம் போயிற்று. மறுநாள் ஆபீஸ் துக்க வீடு மாதிரி இருந்தது. நான் விவரம் தெரியாமல் என் டீம் ஆள் ஒருவரிடம், "விளையாட்டுத்தானே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் அப்பா அதே 'அடுத்த வருஷம்' என்ற வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வார்த்தையை நீங்கள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வருஷம் நிஜமாகவே வந்தது. 2004 அக்டோபர், மறுபடி யாங்கீஸ். முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, மூன்றாவது 19-8. நான்காவதில் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை பின்னால். ரெட் சாக்ஸின் டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடினார் (அடி விழாமலேயே அடுத்த இடத்துக்கு ஓடிப் பிடிப்பதற்கு அப்படிப் பெயர்), அங்கிருந்து கதை திரும்பியது. நாலும் ஜெயித்தார்கள். மூன்று ஆட்டம் தோற்ற பிறகு நாலையும் ஜெயித்து ஒரு தொடரைக் கைப்பற்றிய அணி பேஸ்பாலில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுத்த வாரம் செயின்ட் லூயிஸில் வேர்ல்ட் சீரிஸையும் ஜெயித்து முடித்தார்கள். எண்பத்தாறு வருஷம்.

அன்று, அக்டோபர் 27 ராத்திரி, முழுச் சந்திர கிரகணம். கடைசி இன்னிங்ஸ் நடக்கும்போது பெரியவர் ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். நாங்களும் போய் நின்றோம். மேலே நிலா செம்பு மாதிரி சிவந்திருந்தது. கடைசி அவுட்டை ரேடியோவில் சொன்னதும் அவர் கத்தவில்லை. ரேடியோவை நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டார். மறுநாள் காலை, "கொஞ்சம் காரில் கொண்டுபோய் விடுவாயா?" என்று கேட்டார். கல்லறைத் தோட்டத்துக்கு. அவர் அப்பா கல்லின் மேல் ஒரு ரெட் சாக்ஸ் தொப்பியை வைத்தார். எழுந்து சுற்றிப் பார்த்தேன். எங்களுக்கு முன்பே நிறையப் பேர் வந்து போயிருந்தார்கள். தொப்பி, சின்னக் கொடி, அன்றைய பேப்பர் என்று கல்லுக்குக் கல் இருந்தது. நான் அங்கே நின்று அழுதுவிட்டேன் தம்பி. யாருக்காக அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு ரெட் சாக்ஸ் 2007, 2013, 2018 என்று இன்னும் மூன்று ஜெயித்துவிட்டது. யாங்கீஸ் 2009-க்கு அப்புறம் ஒன்றும் ஜெயிக்கவில்லை. பழைய புண் ஆறிவிட்டது என்றே சொல்லலாம். ஆனாலும் பழக்கம் போகவில்லை. இது ஒரு பக்கத்து விளையாட்டும் அல்ல. 2011 செப்டம்பரில் ரெட் சாக்ஸ் ஒன்பது ஆட்டம் முன்னால் இருந்து, அந்த மாதம் ஏழே ஏழு ஜெயித்து, இருபது தோற்று, டாம்பா பே அணியிடம் வைல்ட் கார்டைக் கோட்டை விட்டது. கடைசி ராத்திரி பாஸ்டன் மொத்தமும் யாங்கீஸ் ஜெயிக்கணும் என்று வேண்டிக்கொண்டது. அன்று டாம்பாவோடு ஆடியது அவர்கள்தான், 7-0 முன்னாலும் இருந்தார்கள். கடைசியில் ரெட் சாக்ஸ் பால்டிமோரிடம் ஒன்பதாவது இன்னிங்ஸில் தோற்ற சில நிமிஷத்திலேயே யாங்கீஸும் 8-7 என்று தோற்றது. நியூயார்க்கில் அன்று எத்தனை டோனட் விற்றதோ.

இந்தக் கேலிக்கு எல்லை எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. மறுநாள் யாங்கீஸ் தங்கள் மைதானத்தில், ஃபென்வேயில் எட்டாவது இன்னிங்ஸ் நடுவில் நாம் எல்லாரும் சேர்ந்து பாடும் அதே பாட்டை ஒலிபரப்பினார்கள். நியூயார்க் கூட்டம் பாடியது. அதை நான் டிவியில் பார்த்தேன். இந்த ஊர் அதை மறக்கவில்லை.

அதனால் உங்கள் பக்கத்து சீட்டுக்காரரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவருக்கு இது தெரிந்த ஆட்டம்தான், இருபத்தேழு பட்டம் வைத்திருப்பவர், பதில் சொல்லத் தெரியும். ஆனால் கேலியை நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம். கூடத் தோற்றவர்கள் சிரிப்பது ஒன்று, நேற்று வந்தவர் சிரிப்பது வேறு. சின்னப் பிள்ளை யாங்கீஸ் சட்டை போட்டிருந்தால் ஒரு வார்த்தையும் வேண்டாம். அப்புறம் ஒரு விஷயம்: சென்னை, மதுரைக் கடைகளில் அழகுக்காக விற்கிறார்களே, முன்னால் 'என்.ஒய்.' எழுத்து பின்னிய நீலத் தொப்பி, அது உங்கள் பெட்டியில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். என் தம்பி இங்கே வந்தபோது அதைப் போட்டுக்கொண்டு ரயிலில் ஏறினான். ஃபென்வே பக்கத்துக் கென்மோர் ஸ்டேஷன் போவதற்குள் நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

பெரியவருக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது, கை நடுங்குகிறது. ஆகஸ்ட் முதல் அவர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், யாங்கீஸின் எண்ணைத் தினமும் பென்சிலால் எழுதுவார். இந்த வருஷம் அவர் சொல்ல நான் எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணம் ரசத்தோடு போனேன். ரேடியோவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பூஜ்யம் போட்டேன். உடனே போனை எடுத்து ஃப்ளோரிடாவில் இருக்கும் தம்பிக்கு அடித்தார். வருஷத்தில் இரண்டோ மூன்றோ முறைதான் பேசிக்கொள்வார்கள், அதில் ஒன்று இது. யாங்கீஸைப் பற்றி ஒரு நிமிஷம் பேசினார்கள். அப்புறம் முக்கால் மணி நேரம் அம்மாவைப் பற்றி, பழைய வீட்டைப் பற்றி. ரசம் ஆறிவிட்டது, சூடு பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சிரிக்கணுமா என்று கேட்டீர்களே. டோனட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜருக்கு ஐம்பது வயசு இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். "2004-ல் அந்த ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். அடுத்த மீட்டிங் கொஞ்சம் தள்ளி இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள், அரை மணி நேரமாவது ஆகும்.