கேள்வி-பதில்: இணையத்தில் தயாரித்த உயில் செல்லுமா?

கேள்வி: இணையத்தளம் ஒன்றில் கட்டணம் செலுத்தி, கேட்ட விவரங்களை நிரப்பி உயில் தயாரித்தேன். கைபேசித் திரையிலேயே விரலால் கையெழுத்துப் போட்டேன். நண்பர்கள் இருவர் காணொளி அழைப்பில் பார்த்துவிட்டு, அவரவர் வீட்டிலிருந்தே மின்கையொப்பமிட்டார்கள். வழக்கறிஞர் இல்லாமல் எழுதியதால் செல்லாமல் போய்விடுமா? - யீஷூன் வாசகர்

பதில்: வழக்கறிஞர் இல்லாதது ஒரு குறையே இல்லை. உயிலை யார் வேண்டுமானாலும் எழுதலாம், தட்டச்சு செய்யலாம். உங்கள் உயில் செல்லாததற்குக் காரணம் கையெழுத்து. சிங்கப்பூரின் மின்னியல் பரிவர்த்தனைச் சட்டம் மற்ற பல ஆவணங்களுக்கு மின்கையொப்பத்தை ஏற்றாலும், உயிலை அந்தச் சலுகைக்கு வெளியே நிறுத்திவிட்டது. இன்று உங்களுக்கு ஏதாவது ஆனால், உயில் இல்லாதவர் சொத்தாகவே கருதுவார்கள். மனைவி, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி சமமாக. பெற்றோருக்கு ஒன்றும் கிடைக்காது.

கட்டிய பணம் வீண் இல்லை. அதே கோப்பை அச்சிட்டு, முறையாகக் கையெழுத்திட்டால் போதும். உங்களுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். சாட்சிகள் குறைந்தது இருவர். அந்த இருவரும் ஒரே நேரத்தில் உங்கள் முன் இருக்க, உயிலின் முடிவில் பேனாவால் கையெழுத்துப் போடுங்கள். பிறகு அவர்கள் உங்கள் கண்முன்னே போடட்டும். ஒருவர் காலையில், மற்றவர் மாலையில் வந்து போட்டால் செல்லாது. மூவரும் எழுந்து போவதற்குள் தேதி, சாட்சிகளின் முழுப் பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாம் எழுதியாகிவிட்டதா என்று சரிபாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூவரும் சுருக்கொப்பமிடுவது சட்டக் கட்டாயம் அன்று. ஆனாலும் செய்யுங்கள், பக்கத்தை மாற்றிவிட்டார்கள் என்ற சண்டைக்கு இடமிருக்காது.

அச்சிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். உயில் வாசகம் ஒரு பக்கத்தில் முடிந்து, கையெழுத்துக் கோடுகள் மட்டும் தனித்தாளில் வந்து நிற்பது உண்டு. அந்தத் தாளை எந்த உயிலோடும் சேர்த்துவிடலாம் என்ற சந்தேகம் வரும். கடைசிப் பத்தியாவது கையெழுத்துப் பக்கத்தில் இருக்கும்படி எழுத்தளவை மாற்றுங்கள்.

சாட்சி யார் என்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சியாக இருந்தால் உயில் செல்லும், அவர் பங்கு மட்டும் போய்விடும். மகனுக்கு எழுதிய உயிலில் மருமகள் சாட்சியாகப் போட்டால் மகனுக்கு ஒன்றுமில்லை. வீட்டுப் பணிப்பெண்ணைக் கூப்பிடுவதில் சட்டத் தடை இல்லை. பல ஆண்டு கழித்து அவர் ஊர் திரும்பியபின் தேடிப்பிடிக்க முடியுமா என்று யோசியுங்கள். உங்களைவிட இளையவரான அலுவலக நண்பர் அல்லது அண்டை வீட்டார் நல்ல தேர்வு.

வெளிநாட்டு மாதிரிப் படிவங்களைத் தொடாதீர்கள். இங்கிலாந்துப் படிவத்தில் 18 வயது போதும் என்றிருக்கும். அங்கே கொவிட் காலத்தில் காணொளிச் சாட்சியைத் தற்காலிகமாக அனுமதித்தார்கள். இரண்டும் இங்கே உதவாது.

கேள்வி: உயிலில் “என் சொத்து முழுவதும் அம்மாவுக்கு” என்று எழுதிவிட்டேன். மத்திய சேமநிதியும் (சிபிஎஃப்) வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடும் அதில் அடங்குமா? - செங்காங் வாசகி

பதில்: மத்திய சேமநிதிச் சேமிப்பு அடங்காது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். சிங்பாஸ் என்ற அரசின் மின்னடையாளம் வழியாக, 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகளோடு, இணையத்திலேயே செய்யலாம், கட்டணமில்லை. நியமனம் இல்லையென்றால் பணம் அரசின் பொது அறங்காவலரிடம் போய், உயில் இல்லாதவருக்கான விதிப்படி பிரியும். சேமநிதி முதலீட்டுத் திட்டத்தில் வாங்கிய பங்குகள் நியமனத்தில் சேராது. அவை உயில் வழியே போகும்.

வீடு எப்படி உங்கள் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கணவரோடு கூட்டு உரிமையில் இருந்தால், உயிலில் என்ன எழுதியிருந்தாலும் வீடு அவருக்கே. பங்கு பிரித்த உரிமை என்றால் உங்கள் பங்கை உயிலில் எழுதலாம், ஆனால் அதை வைத்துக்கொள்ள அம்மாவுக்கு வீவகவின் தகுதி விதிகள் பொருந்த வேண்டும். காப்புறுதியில் ஏற்கெனவே பயனாளியை நியமித்திருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.

வங்கிக் கணக்கு எண்களை மட்டும் அடுக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். கணக்கை மூடினால் அந்த வரியும் காலி. “மேலே சொல்லாத மீதி எல்லாம் இன்னாருக்கு” என்ற ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கையும் நடுங்குகிறது. உயில் எழுத முடியுமா?

பதில்: முடியும். உயில் தமிழிலேயே இருக்கலாம். பின்னால் நீதிமன்றத்துக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும், அந்தச் செலவு பிள்ளைகளுடையது. ஆங்கிலத்தில் எழுதினால், “தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, அவர் புரிந்துகொண்டதாகத் தெரிந்தது” என்று சாட்சி வாசகத்தில் சேருங்கள். வாசித்தவர் பெயரும் இருக்கட்டும். கைநாட்டும் ஏற்கப்படும். வாசித்துக் காட்டுபவர் சொத்துப் பெறும் பிள்ளையாக இருக்க வேண்டாம். மறதி நோய் தொடங்கியிருந்தால் இணையப் படிவத்தை விட்டுவிடுங்கள்: முதலில் மருத்துவரின் மனநிலைச் சான்று, பிறகு வழக்கறிஞர். அங்கே காசு மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை.

கேள்வி: நாங்கள் தமிழ் முஸ்லிம்கள். இதே படிவம் போதுமா?

பதில்: போதாது. முஸ்லிம் சொத்து ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறையில் பிரியும். உயிலால் எழுதித் தரக்கூடியது மூன்றில் ஒரு பங்குவரை, அதுவும் வாரிசு அல்லாதவருக்கு. பொதுப் படிவங்கள் இதைக் கேட்பதே இல்லை. வாரிசுகளின் பங்கைக் காட்டும் சான்றிதழை ஷரியா நீதிமன்றம் வழங்கும்.

கேள்வி: காரைக்குடியில் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. இங்கே எழுதும் உயிலிலேயே சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், ஆனால் தனி உயிலே நல்லது. அசையாச் சொத்து இருக்கும் நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. இங்கே வாங்கும் நீதிமன்ற ஆணையைக் கொண்டுபோய்க் காட்டினால் காரைக்குடியில் பட்டா மாறிவிடாது. இந்தியாவிலும் இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் பின்னால் அலைச்சல் குறையும். பரம்பரைச் சொத்தென்றால் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும்.

ஏறக்குறைய எல்லா இணையப் படிவத்திலும் முதல் வரியே “இதற்குமுன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்” என்பதுதான். போன ஆண்டு காரைக்குடி வீட்டுக்கு ஓர் உயில், இந்த ஆண்டு சிங்கப்பூருக்கு ஒன்று என்று எழுதினால், பின்னது முன்னதை விழுங்கிவிடும். “சிங்கப்பூரிலுள்ள சொத்துகள் தொடர்பான முந்தைய உயில்களை மட்டும்” என்று திருத்திக்கொள்ளுங்கள். இந்திய உயிலிலும் அதேபோல.

கேள்வி: ஐந்து ஆண்டுக்குமுன் எழுதிய உயில் இருக்கிறது. இப்போது திருமணம் ஆகிவிட்டது. ஓர் இடத்தில் பெயரை அடித்து மாற்றினால் போதுமா?

பதில்: திருமணமான அன்றே அந்த உயில் ரத்தாகிவிட்டது, இந்தத் திருமணத்தை எதிர்பார்த்து எழுதியதாக அதிலேயே சொல்லியிருந்தால் ஒழிய. சேமநிதி நியமனமும் திருமணத்தால் ரத்தாகிவிடும். ஆனால் விவாகரத்து இந்த இரண்டையும் ரத்து செய்யாது. முன்னாள் துணையின் பெயர் அப்படியே நிற்கும். அடித்து எழுதுவதை மறந்துவிட்டுப் புதிதாக அச்சிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மூலப்பிரதியின் ஸ்டேப்பிள் கம்பியை நகல் எடுப்பதற்காகக் கழற்றாதீர்கள். ஓட்டை கூடுதலாகத் தெரிந்தால், இதோடு வேறு தாள் இருந்ததா என்று நீதிமன்றம் கேட்கும். அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டிவரும். உயில் பதிவகம் உயிலை வாங்கி வைப்பதில்லை, அது எங்கே இருக்கிறது என்ற தகவலை மட்டும் பதிகிறது. உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிப் பெட்டகத்தில் பூட்டிவைத்தால், திறக்க வீட்டார் அலைய வேண்டும். உயிலை நிறைவேற்றுபவராக நியமித்தவரிடம் அது இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள்.