தொழில் கேள்வி–பதில்: லாயத்துக்கு எப்படி விளம்பரம் செய்வது?

கேள்வி: பொள்ளாச்சிக்கு அருகில் எங்கள் தோப்பின் ஒரு பகுதியைச் சமப்படுத்தி, நான்கு குதிரைகளுடன் குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளி நடத்தி வருகிறேன். இன்ஸ்டாகிராமில் நான் போடும் காணொளிகளை ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சுற்று போய்வரக் கூட்டமும் வருகிறது. ஆனால், மாதக் கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்ள ஆள் சேரவில்லை. விளம்பரச் செலவைக் கூட்டலாமா? எங்கள் துண்டறிக்கையை இணைத்துள்ளேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பொள்ளாச்சி

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்ட வேண்டாம். ஜவுளிக் கடையில் விலைபோகாத புடவை அலமாரியில் கிடந்தால் அதற்குத் தீனி போட வேண்டியதில்லை. குதிரைக்கோ சவாரி நடந்தாலும் நடக்காவிட்டாலும் புல்லும் கொள்ளும் தவிடும் வைத்தாக வேண்டும், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் கட்டியாக வேண்டும், லாயத்தில் வேலை செய்பவருக்குச் சம்பளமும் கொடுத்தாக வேண்டும். ஆகவே, ஞாயிறன்று ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பிப் பார்க்காத கூட்டத்தை நம்பி லாயம் நடத்த முடியாது. வாரம் இரண்டு நாள் தவறாமல் வரும் பத்துப் பதினைந்து மாணவர்கள்தாம் அதைத் தாங்குவார்கள். உங்கள் விளம்பரமோ முழுக்க முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காகவே தயாரானது போல இருக்கிறது.

துண்டறிக்கையின் முகப்பில், முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரையின் மேல் கறுப்புக் கண்ணாடி அணிந்த இளைஞர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். தலையில் கவசம் இல்லை, காலில் ரப்பர் செருப்பு. இளவட்டங்கள் இதை ரசிப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், எட்டு வயது மகளைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் தாய் இந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தாளை மடித்து வைத்துவிடுவார். குதிரையை அறிந்தவர் பார்த்தாலோ இன்னும் மோசம்: சவாரி செய்பவர் பாதம் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் செருப்புக் கால் முழுவதுமாக நுழைந்து சிக்கிக்கொண்டால், விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் படத்தை எடுத்துவிட்டு, முதல் நாள் வகுப்பையே படமாகப் போடுங்கள்: நீண்ட கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தபடி பயிற்சியாளர் நடுவில் நிற்க, குதிரை வட்டமாக நடக்க, தாடைப்பட்டை இறுக்கிய தலைக்கவசமும் குதிகால் உள்ள மூடிய காலணியும் அணிந்த குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் காட்சி. குழந்தையின் முகம் தெரிந்தால், பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்ற பிறகே அதைப் பயன்படுத்துங்கள். சேணப்பட்டை உராய்ந்த புண்ணோ எலும்பு துருத்திய விலாவோ படத்தில் தெரிந்தால், எத்தனை அழகிய வாசகம் எழுதினாலும் பயனில்லை. அதற்கான மருந்து விளம்பரத்தில் இல்லை, தீவனத் தொட்டியில் இருக்கிறது.

படத்துக்குக் கீழே, வகுப்பு எத்தனை நிமிடம், பயிற்சியாளர் யார், அவருடைய அனுபவம் என்ன, எத்தனை கிலோ எடை வரை ஏற்றுவீர்கள், மாதக் கட்டணம் எவ்வளவு என்பவற்றை வெளிப்படையாக எழுதுங்கள். ‘கட்டணத்துக்குத் தொடர்புகொள்ளவும்’ என்று எழுதினால் மறைக்க ஏதோ இருக்கிறது என்றே மக்கள் நினைக்கிறார்கள். கட்டணத்துடன் ஓர் அறிமுக வகுப்பு வைத்து, சேருபவருக்கு அத்தொகையை மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். இலவசம் என்றால் மறுபடியும் வேடிக்கைக் கூட்டமே வரும்.

கூகுள் மேப்ஸில் பள்ளியைப் பதிவு செய்யச் செலவில்லை. தோப்புச் சாலைகளில் வழி தவறுவது எளிது என்பதால், குறி சரியாக உங்கள் வாயிற்கதவில் விழுகிறதா என்று நீங்களே வண்டியில் போய்ப் பாருங்கள். மாணவர்களின் பெற்றோரிடம் மதிப்புரை எழுதச் சொல்லலாம். ஆனால், அதற்கு ஈடாக இலவசச் சவாரி தருவது கூகுளின் விதிகளுக்குப் புறம்பானது. ஞாயிறன்று வருபவர்களின் எண்ணை அவர்கள் சம்மதத்துடன் வாங்கி வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் ஒலிபரப்புப் பட்டியல் வழியாக அனுப்பும் செய்தி உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கே போய்ச் சேரும் என்பதால், அப்போதே அதைச் சேமித்துக்கொள்ளவும் சொல்லிவிடுங்கள்.

கட்டண விளம்பரம் பின்னால் கொடுப்பதானால், எல்லையைச் சுருக்குங்கள். கோவையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடந்து வார நாளில் யாரும் வரமாட்டார்கள். வார நாள் வகுப்புகளுக்குப் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, உடுமலை. சனி, ஞாயிறு வகுப்புகளுக்கு மட்டும் கோவை. கோவையிலிருந்து வரும் பெற்றோர் ஒரு மணி நேரம் அங்கேயே காத்திருப்பார்கள் என்பதால் நிழலும் நாற்காலியும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும். கழிப்பறை சரியில்லாமல் மாணவிகளை இழந்த பயிற்சிப் பள்ளிகள் உண்டு, உரிமையாளர்களோ கடைசிவரை இன்ஸ்டாகிராமையே குறைசொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அருகிலுள்ள பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களைப் போய்ப் பாருங்கள். குதிரை என்றால் கிண்டிப் பந்தயம் மட்டுமே நினைவுக்கு வரும் பெற்றோர் இன்னும் பலர். ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் சரிசமமாக மோதுவது குதிரையேற்றத்தில்தான் என்பதையும், 2023இல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டில், சவாரி செய்பவரின் குறிப்பறிந்து குதிரை நடை அசைவுகளைச் செய்துகாட்டும் டிரஸ்ஸாஜ் குழுப் போட்டியில் தங்கம் வென்ற நால்வர் கொண்ட இந்திய அணியில் இருவர் பெண்கள் என்பதையும் சொன்னால், பெண் குழந்தைகளின் பெற்றோர் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

கேள்வி: குதிரைச் சவாரி ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று எங்கள் பள்ளியின் பலகையில் எழுதலாமா? பலரும் எழுதுகிறார்களே!
— வாசகி, திருச்சி

பதில்: எழுதக் கூடாது. ஆட்டிசம் குணப்படுத்த வேண்டிய நோயே அன்று. நம்பி வரும் பெற்றோரை ஏமாற்றுவது அறமும் அன்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. தகுதி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் உங்களுடன் பணிபுரிந்தால், அவருடைய தகுதியையும் வகுப்பு நேரத்தையும் மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரையும் சாரட்டு வண்டியும் வாடகைக்கு விடுகிறேன். கல்யாண மண்டபங்களில் அட்டை கொடுத்தும் அழைப்பு வருவதில்லை.
— வாசகர், திருப்பூர்

பதில்: மண்டப மேலாளரிடம் கொடுத்த அட்டை பெரும்பாலும் அவருடைய மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும். ஊர்வலத்தைத் திட்டமிடுபவர்கள் பேண்டு, செண்டை மேளக் குழுவினரும் புகைப்படக்காரர்களும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களும்தான், அவர்களுடன் பழகுங்கள். மாப்பிள்ளை குதிரையில் வருவதை வழக்கமாகவே கொண்ட ராஜஸ்தானி, குஜராத்திக் குடும்பங்கள் உங்கள் ஊரிலும் கோவையிலும் இருப்பதால், அவர்களுக்கென இந்தியில் ஒரு சிறு காணொளி தயாரிப்பது பலன் தரும். அதில் அலங்காரத்தைவிட, மேளச் சத்தத்துக்கு நடுவில் குதிரை காதை மடக்காமல் அமைதியாக நிற்பதைக் காட்டுங்கள். மாப்பிள்ளை வீட்டாரின் முதல் பயமே அதுதான்.

முன்பணம் வாங்கும்போதே நிபந்தனைகளையும் எழுதிக் கொடுங்கள்: குதிரைக்கு அருகில் பட்டாசு கூடாது, நேரம் இவ்வளவுதான், எடை இவ்வளவுதான். சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. சேணத்தோடு சேர்த்து அதற்கு மேல் போகும் மாப்பிள்ளைக்குச் சாரட்டைப் பரிந்துரைத்தால் வாடகையும் கூடும், குதிரையும் பிழைக்கும். திரைப்படப் படப்பிடிப்புக்கு அழைத்தால், இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல் குதிரையை அனுப்பாதீர்கள்.

கேள்வி: வாணியம்பாடியில் கடிவாளம், தலைப்பட்டை ஆகியவற்றைத் தோலில் தைக்கிறேன். இணையத்தில் கான்பூர்ச் சரக்கின் விலையோடு போட்டியிட முடியவில்லை.
— வாசகர், வாணியம்பாடி

பதில்: விலையில் போட்டியிடவும் வேண்டாம், சேணப் பொருள்களை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் ஊர் அது. கான்பூரால் செய்ய முடியாதது, குதிரையின் முகத்தை அளந்து தைப்பதும் அறுந்த பட்டையை அன்றே தைத்துக் கொடுப்பதுமே. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி குதிரைகளுடன் உரிமையாளர்கள் பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். தையல் ஊசியும் மெழுகு நூலும் தோல் துண்டுகளுமாக அங்கே ஒரு பழுதுபார்க்கும் கடை போட்டு, தைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு பட்டையின் உட்புறத்திலும் உங்கள் கைப்பேசி எண்ணை அச்சுக்கருவியால் பதித்து அனுப்புங்கள்.