மாமியாரோட அட்டிகையைத் தண்ணியில போட்றாதீங்க

கேள்வி: நாத்தனார் வளைகாப்புக்குப் போடலாம்னு நகையெல்லாம் எடுத்தேன். எங்கயோ வீடியோவுல பாத்துட்டு முத்துமாலையை வெந்நீர்ல எலுமிச்சை பிழிஞ்சு ஊற வச்சேன், மினுமினுப்பே போச்சு. இன்னும் தங்கச் செயின், வெள்ளிக் கொலுசு, மாமியாரோட கெம்புக்கல் அட்டிகை இருக்கு. அவங்க பூந்திக்கொட்டை போடச் சொல்றாங்க, நான் டூத்பேஸ்ட் போடலாமா? - மதுரை வாசகி

பதில்: முத்து போனது போனதுதாம்மா. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி, புளிப்பு பட்டா மேல்பூச்சை அரிச்சிரும். பவளமும் அதே சாதிதான். இனிமே சென்ட், பவுடர் எல்லாம் போட்டு முடிச்சு கடைசியா மாட்டுங்க, கழட்டினதும் லேசா ஈரத்துணியில துடைங்க, அவ்ளோதான். ஊற வச்சா கோத்த நூலும் தொய்ஞ்சிரும்.

அட்டிகையைத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் மூடியிருக்கா? அப்ப அதை முக்கவே கூடாது, ஏன்னா அந்த மாதிரிக் கட்டின நகையில கல்லுக்கு அடியில மினுக்கத் தகடு வச்சு அரக்கு அடைச்சிருப்பாங்க, வெந்நீர் பட்டா அரக்கு இளகும், தண்ணி உள்ள இறங்கினா தகடு கறுத்து கல்லு செத்துப்போன மாதிரி ஆயிரும். காஞ்ச மெத்து பிரஷ்ஷால தூசியைத் தட்டுங்க, போதும்.

தங்கச் செயினுக்கு உங்க மாமியார் சொல்றதுதான் கரெக்ட். நாலு பூந்திக்கொட்டையை விதை எடுத்துட்டு வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சு நல்லா பிசைஞ்சா நுரை வரும், அதுல செயினை கால் மணி நேரம் போட்டுட்டு குழந்தைங்க பிரஷ்ஷால கண்ணி கண்ணியா தேய்ங்க. தாலிச்செயினா இருந்தா உருக்கள் இடுக்குல மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்து மெழுகு மாதிரி அப்பியிருக்கும், தண்ணி மஞ்சளா இறங்கும், பயப்படாதீங்க. டூத்பேஸ்ட் வேணாம். பல்லுல கறை எடுக்க அதுல நைசான துகள் போட்டிருக்கான், 22 கேரட்டு மெத்துத் தங்கம், கீறல் விழும். பிளீச்சிங் பவுடர் கிட்டயே போகாதீங்க.

இதையெல்லாம் வாஷ்பேசின்ல வச்சுச் செய்யாதீங்க. நான் அப்படித்தான் தோட்டைக் கழுவுறேன்னு ஒரு திருகாணியைக் குழாய்க்குள்ள விட்டுட்டு பிளம்பருக்கு 300 ரூபா அழுதேன், திருகாணியும் கிடைக்கல.

கொலுசு கறுத்தது காத்துலயும் வேர்வையிலயும் இருக்கிற கந்தகத்தால. அலுமினியம் ஃபாயிலை கிண்ணத்துல விரிச்சு, கொலுசு அதைத் தொடுற மாதிரி வச்சு, ஒரு ஸ்பூன் சமையல் சோடா தூவி வெந்நீர் ஊத்துங்க, கூமுட்டை நாத்தம் லேசா அடிக்கும், அதுதான் கந்தகம் கழண்டு வர்ற அறிகுறி. அஞ்சு பத்து நிமிஷத்துல எடுத்துக் கழுவித் துடைங்க. எனாமல், கல் வச்ச கொலுசுக்கும், வேணும்னே கறுப்பு ஏத்தின டிசைனுக்கும் இது ஆகாது. லேசான கறுப்புன்னா நம்ம வீட்டுத் திருநீறே போதும்.

வாசல்ல வந்து "நகைக்கு பாலிஷ் போடுறோம்"னு கூப்பிடுறவங்ககிட்ட மட்டும் குடுத்துராதீங்க. ராஜதிராவகம்னு ஒரு ஆசிட் இருக்கு, தங்கத்தையே கரைச்சிரும், செயின் பளபளன்னுதான் திரும்பி வரும், எடைதான் குறைஞ்சிருக்கும். அட்டிகையை நகைக்கடையில குடுத்தாலும் கண்ணு முன்னாடி எடை போட்டு, கல்லை எண்ணி சீட்டுல எழுதி வாங்கிட்டுக் குடுங்க.