பெட்டியில் கிடைத்த பித்தளை எழுத்துகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் வீட்டை ஒழித்தபோது, அம்மாவின் பழைய தகரப் பெட்டியின் அடியில், வேட்டிக் கிழிசலில் முடிந்து வைத்திருந்த ஒரு பித்தளை வில்லை கிடைத்தது. சுண்டுவிரல் நீளம். லேசாக வளைந்த துண்டில் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்று ஆங்கில எழுத்துகள். பின்பக்கம் இரண்டு வளையங்கள். அம்மாவின் தாத்தா பட்டாளத்துக்காரர். பர்மா சண்டையில் வீரத்துக்காகக் கொடுத்த பதக்கம் இது என்று வீட்டில் சொல்வார்கள். இணையத்தில் படம் போட்டேன். பின்பக்கம் சொரசொரவென்று இருக்கிறது, போலி என்றார் ஒருவர். அம்மா புளி போட்டுத் துலக்கட்டுமா என்கிறார். என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் வேலையாக அம்மாவிடமிருந்து புளியை வாங்கி வையுங்கள். நான் ஒருமுறை பழைய பட்டாளத்துப் பொத்தான் ஒன்றைப் பளபளவென்று தேய்த்தேன். பின்பக்கம் மங்கலாக இருந்த தயாரிப்பாளர் பெயரும் அழுக்கோடு போய்விட்டது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இது பதக்கம் இல்லை. பதக்கம் ரிப்பனில் தொங்கும். இது சட்டையின் தோள்பட்டையில் குத்துவது. அந்த இரண்டு வளையங்களையும் துணியில் துளை போட்டு உள்ளே விட்டு, அடியில் ஓர் ஊசியைக் கோத்துவிட்டால் அசையாமல் நிற்கும். அந்தப் பிரிவில் இருந்த எல்லோருக்கும் இது உண்டு, தோளுக்கு ஒன்றாக இரண்டு. இதன் ஜோடி எங்கேயாவது கிடக்கலாம்.

எழுத்துகளின் விரிவு ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். படைக்கு ரேஷன், பெட்ரோல், லாரி, கோவேறு கழுதை எல்லாம் இவர்கள் பொறுப்பு. 1923இல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்று பெயர். 1935இல்தான் முன்னால் 'ராயல்' சேர்ந்தது. 1950இல் நாடு குடியரசானதும் அது உதிர்ந்தது. ஆகவே உங்கள் வில்லை அந்தப் பதினைந்து வருடத்துக்குள் தோளில் ஏறியது. ஒரே ஓர் எழுத்து காலத்தை இவ்வளவு இறுக்கிச் சொல்வது அபூர்வம். கிரீடம் வைத்த வில்லைகளில் கிரீடத்தின் வளைவைப் பார்த்து ராஜா காலமா ராணி காலமா என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

அப்புறம் அந்த 'போலி' சமாச்சாரம். அச்சில் வைத்து அழுத்திச் செய்த வில்லைக்குப் பின்பக்கம் வழவழவென்று, முன் உருவத்தின் பள்ளம் தெரியும். மண் அச்சில் வார்த்ததற்குப் பின்பக்கம் தட்டையாக, பொரிப்பொரியாக இருக்கும். ஓரத்தில் அரம் ராவிய கோடுகளும் தெரியலாம். இந்தியாவில் அந்தக் காலத்தில் வார்ப்பு வில்லைகள் நிறையவே புழங்கின. வெறும் சொரசொரப்பை வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. வளையத்தின் உள்பக்கம் ஊசி உராய்ந்து தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் யாரோ நிஜமாகவே போட்டுத் திரிந்தது. தவிர, போலி செய்கிறவன் அதை விற்கப் பார்ப்பான். உங்கள் பெட்டிக்குள் வேட்டியில் முடிந்து வைக்க மாட்டான்.

பர்மா விஷயத்தில் இந்த வில்லை வாய் திறக்காது. இதே பிரிவின் கோவேறு கழுதைக் கம்பெனிகள் 1939 டிசம்பரில் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின; மறு வருடம் ஜெர்மானியர் சூழ்ந்தபோது அவற்றில் சில டன்கர்க் கடற்கரையிலிருந்து தப்பி வந்திருக்கின்றன. வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இவர்கள் இருந்தார்கள். இந்தியாவை விட்டுப் போகாதவர்களும் உண்டு. பர்மா என்று சொல்ல பர்மா ஸ்டார் பதக்கமோ டிஸ்சார்ஜ் காகிதமோ வேண்டும். இந்தியப் படையினரின் உலகப்போர்ப் பதக்கங்களில் பலவற்றில் சிப்பாயின் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். அந்த நம்பர் கிடைத்தால் இன்றைய ஆர்மி சர்வீஸ் கோரின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். நம்பர் இல்லாமல் பெயரை மட்டும் சொல்லித் தேடச் சொன்னால் பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்!

"அப்போ தாத்தா சண்டை போடலையா, மூட்டைதான் தூக்கினாரா?" என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால் இம்பாலைச் சொல்லுங்கள். 1944 மார்ச் கடைசியில் இம்பாலுக்கு வரும் கோஹிமா சாலையை ஜப்பானியர் மறித்தார்கள். ஜூன் 22 வரை திறக்கவில்லை. உள்ளே இருந்த படைக்கு அரிசியிலிருந்து தோட்டா வரை விமானத்தில் வந்தது. பறக்கும் விமானத்தின் திறந்த கதவருகே நின்று மூட்டைகளைக் கீழே தள்ளியவர்களில் இந்தத் தோள்வில்லைக்காரர்கள் உண்டு. உங்கள் அம்மாவின் தாத்தா அங்கே இருந்தார் என்று நான் சொல்லவில்லை. மூட்டை தூக்குவது சின்ன வேலை என்று சொல்கிறவரிடம்தான் எனக்குச் சண்டை.

கடைசியாக ஒன்று. அந்தத் தகரப் பெட்டி முதலில் யாருடையது? பட்டாளத்துக்காரர்கள் தங்கள் பெட்டியின் மேல் பெயரையும் நம்பரையும் பெயிண்டில் எழுதி வைப்பார்கள். பிறகு வீட்டார் மேலே வேறு நிறம் அடித்துவிடுவார்கள். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மூடியைப் பாருங்கள். அடியில் எழுத்து மேடாகத் தெரிந்தால் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.