டேபிள் டென்னிஸில் கிராண்ட் ஸ்லாம் என்றால் என்ன? மா லோங்குக்கு அது ஏன் தாமதமானது?

ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், உலகக் கோப்பை. இந்த மூன்றிலும் ஒற்றையர் பட்டம் வென்றவரைத்தான் கிராண்ட் ஸ்லாம் வீரர் என்கிறார்கள்.

சீனாவின் மா லோங் உலகக் கோப்பையை 2012-லேயே வென்றுவிட்டார். உலக சாம்பியன்ஷிப்தான் இழுத்தடித்தது. 2009, 2011, 2013 என மூன்று முறையும் அரையிறுதியில் அவரைத் தோற்கடித்தவர் சொந்த நாட்டுக்காரரான வாங் ஹாவ். 2015-இல்தான் அந்தப் பட்டம் கைக்கு வந்தது.

ஒலிம்பிக்கில் வேறு சிக்கல். 2012 முதல் ஒரு நாட்டுக்கு ஒற்றையரில் இரண்டே இடம். மாவட்டப் போட்டியில் ஜெயிப்பதைவிடப் பள்ளி அணியில் இடம் பிடிப்பது கஷ்டம் என்று சில பள்ளிகள் இருக்குமே, சீன அணி அந்த ரகம். லண்டன் ஒலிம்பிக்கில் மா லோங்குக்கு அணிப் போட்டி மட்டுமே கிடைத்தது. அப்புறம் 2016 ரியோ இறுதியில், நடப்புச் சாம்பியன் ஜாங் ஜிக்கேயை 4-0 என்று ஒரு செட்கூட விடாமல் வீழ்த்தினார். டோக்கியோவிலும் அவருக்கே ஒற்றையர் தங்கம். அந்த இரண்டாவது தங்கத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

டென்னிஸ் ஞாபகத்தில், எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வெல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அப்படி எந்தக் கெடுவும் கிடையாது.